அனுமன் எண்ணெய் வாங்கவில்லை

"கையில் காசு இல்லை, சார். இருந்திருந்தால் பிரமாதமாக எடுத்திருப்போம்!"

இராமநாதபுரம் சீமையில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களை எங்கே சந்தித்தாலும் இந்தச் சமாதானத்தைக் கேட்கிறேன். பத்து நிமிஷப் படத்தைக் கைபேசியில் போட்டுக் காட்டுவார்கள். நாம் முகம் சுளித்துவிடப் போகிறோமே என்ற பயத்தில், படம் ஓடத் தொடங்கும் முன்பே இந்த வாக்கியத்தைச் சொல்லி வைத்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் பெரிய மனிதர்களும் அனுதாபத்தோடு தலையை ஆட்டுவார்கள். "பாவம், பணம் மட்டும் இருந்தால் பையன்கள் எங்கேயோ போய்விடுவார்கள்!"

நான் சொல்லுகிறேன்: இது பொய். அனுதாபம் என்ற பெயரில் அந்தப் பையன்களுக்கு நாம் செய்கிற துரோகம். அவர்களுடைய படங்களைக் கெடுப்பது பணமின்மை அல்ல; பணக்காரப் படத்தைப்போல் வேஷம் போட வேண்டும் என்கிற ஆசைதான். ஏழை ஏழையாகவே இருந்தால் அவனுக்கென்று ஒரு கம்பீரம் உண்டு. வாடகைக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் உலவும்போதுதான் அவன் சிரிப்புக்கு இடமாகிறான்.

இந்தத் தென்கடலைப் பற்றி நம் நாட்டில் சொல்லப்பட்ட மிகப் பழைய சாகசக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நகரமே தீப்பற்றி எரிகிறது. அந்தப் பிரம்மாண்டமான காட்சிக்கு அனுமன் செலவழித்தது எவ்வளவு? ஒரு தம்பிடி கிடையாது. துணி இராவணனுடையது. எண்ணெய் இராவணனுடையது. பற்ற வைத்த ஆட்கள் இராவணனுடைய ஆட்கள். எரிந்த ஊரும் அவனுடையதே. அனுமன் தன் பங்காகக் கொண்டுபோனது வால் ஒன்றுதான். அதுவும் பிறவியிலேயே வாய்த்தது!

அந்தத் தீயைக் காட்டிலும் விறுவிறுப்பான கட்டம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. சீதையைத் தேடிப் போன வானரங்களுக்குச் சுக்கிரீவன் ஒரு மாதம் கெடு வைத்திருக்கிறான். கெடு கடந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினால் தலை தப்பாது. முன்னால் கடல். கரையில் உட்கார்ந்து பட்டினி கிடந்து பிராணனை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். இந்தக் கட்டத்துக்கு வேண்டிய சாமான்கள் என்ன? கொஞ்சம் மணல், கொஞ்சம் கடல், தாண்டிப்போன ஒரு தேதி. கேட்கிறவனுக்கோ மூச்சு முட்டுகிறது.

இனி நம் பையன்கள் எடுக்கும் 'ஆக்‌ஷன்' படத்தைப் பார்ப்போம். முதல் காட்சியில் ஆகாயத்திலிருந்து கடற்கரை தெரியும். அதற்காக ட்ரோன் என்னும் பறக்கும் காமிரா ஒரு நாள் வாடகைக்கு வந்திருக்கும். பிறகு இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கதவுகள் திறக்கும். கறுப்புக் கண்ணாடி அணிந்த ஆறு பேர் மிக மெதுவாக நடந்து வருவார்கள். அவர்கள் யார், எங்கே போகிறார்கள், எதற்காகக் கோபமாக இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. சீமைக் கருவேலங்காட்டில் சண்டை நடக்கும். பொம்மைத் துப்பாக்கியின் வாயில் கம்ப்யூட்டர் வரைந்த நெருப்பு தோன்றும். பத்து நிமிஷப் படத்தில் பெயர்கள் மட்டும் இரண்டு நிமிஷம் ஓடும். அடிபட்டு விழுந்தவன் அடுத்த காட்சியில் வேறு சட்டையோடு மறுபடி விழுவான், ஆள் பற்றாக்குறை!

இப்படி ஒரு படத்தைச் சென்ற ஆண்டு எனக்குக் காட்டிய இளைஞன் ஒரு படகு மெக்கானிக்கின் மகன். கண்ணிலே அறிவு மின்னும் பிள்ளை. "எவ்வளவு ஆச்சு, தம்பி?" என்று கேட்டேன். அறுபதாயிரம் என்றான். "ஏது அவ்வளவு பணம்?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தான். அவனுடைய சிநேகிதன்தான் சொன்னான். அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறதாம். ட்ரோனுக்கும் கார்களுக்கும் விளக்குகளுக்கும் அந்தச் சங்கிலி போயிருக்கிறது. படத்தில் மிஞ்சியது என்ன? மெதுவாக நடக்கும் ஆறு கறுப்புக் கண்ணாடிகள்!

ஆகவே இது வெறும் கலை விவாதம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு தாயின் சங்கிலி சம்பந்தப்பட்ட விஷயம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சாகசப் படத்தில் 'சாகசம்' என்பது என்ன? அடிதடிதான் சாகசம் என்றால் நம் ஊர்ச் சந்தையிலே தினம் ஒரு படம் இலவசமாக நடக்கிறது. ஒருவனுக்கு ஒன்று வேண்டும். அது கிடைக்காமல் செய்ய இன்னொருவன் அல்லது இன்னொன்று குறுக்கே நிற்கிறது. நேரமோ குறைந்துகொண்டே போகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் சாகசம் பிறந்துவிடுகிறது. இவற்றில் எதற்கும் வாடகை கிடையாது.

கதை படிக்கும் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. "கதவு மெல்லத் திறந்தது. அங்கே நின்றவரைக் கண்டதும் கமலா..." என்று எழுதி, 'தொடரும்' என்று போட்டு எத்தனை தொடர்கதை ஆசிரியர்கள் உங்களை ஒரு வாரம் தூங்க விடாமல் அடித்திருக்கிறார்கள்! அந்தக் கதவுக்கு அவர்கள் தச்சனுக்குக் கூலி கொடுத்தார்களா? இல்லையே!

சினிமா உலகில் இந்த வித்தையின் குருநாதர் ஆல்பிரட் ஹிட்ச்காக். அவர் சொன்ன உதாரணம் பிரசித்தமானது. மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேஜைக்கு அடியிலிருந்து வெடிகுண்டு வெடிக்கிறது. பார்ப்பவனுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை முன்கூட்டியே பார்ப்பவனுக்குக் காட்டிவிட்டு, அந்த நாலு பேரையும் சாவதானமாக அரட்டையடிக்க விட்டால், பதினைந்து நிமிஷம் அவன் நாற்காலியின் நுனியிலே உட்கார்ந்திருப்பான். கணக்குப் பாருங்கள். முதல் வகையில் குண்டு வெடித்தே தீர வேண்டும், செலவு உண்டு. இரண்டாவது வகையில் குண்டு வெடிக்கவே வேண்டியதில்லை. செலவு குறைந்த வழிதான் சிறந்த வழியும்!

"இதெல்லாம் பெரிய டைரக்டர்கள் பேசுகிற பேச்சு. காசில்லாதவன் எவன் சாதித்திருக்கிறான்?" என்று கேட்கலாம். கேளுங்கள், சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த ராபர்ட் ரோட்ரிக்ஸ் என்ற இளைஞர் 'எல் மரியாச்சி' என்று ஒரு படம் எடுத்தார். 1992-இல் வெளிவந்த முழு நீளத் துப்பாக்கிப் படம் அது. மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர். அதில் 3,000 டாலரை மருந்துப் பரிசோதனைக்குத் தம் உடம்பையே வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார். தாமே எழுதி, தாமே காமிராவைத் தூக்கி, தாமே வெட்டி ஒட்டினார். ஆனால் அவருடைய உண்மையான சாமர்த்தியம் இதிலெல்லாம் இல்லை. கதை எழுத உட்காருவதற்கு முன்னால் அவர் ஒரு ஜாபிதா போட்டார். எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோவில் உள்ள அகூன்யா என்ற சிற்றூரில், சிநேகிதர்களின் தயவால் என்னென்ன கிடைக்கும்? ஒரு பஸ் கிடைக்கும். ஒரு மதுக்கடை கிடைக்கும். ஒரு நாய் இருக்கிறது. ஓர் ஆமைகூட அகப்பட்டது. இவற்றையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, இவை வரும்படியாகக் கதையைக் கட்டினார். இல்லாததைக் கதையில் எழுதிவிட்டுப் பிறகு அதைத் தேடி அடகுக் கடைக்கு ஓடவில்லை.

காமிரா நகர்ந்துகொண்டே படம் பிடிக்க வேண்டுமா? ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். படம் பிடிக்கும்போதே பேச்சைப் பதிவு செய்யும் வசதி இல்லையா? ஒவ்வொரு காட்சியும் முடிந்தபிறகு நடிகர்களை மறுபடி பேசச் சொல்லித் தனியே பதிவு செய்துகொண்டார். உதட்டசைவும் பேச்சும் பொருந்தாத இடத்தில் சட்டென்று நாயின் முகத்தையோ வேறு ஆளையோ காட்டினார். அந்த வெட்டுக்களே படத்துக்கு ஒரு வேகத்தைக் கொடுத்துவிட்டன! பின்னால் கொலம்பியா கம்பெனி அந்தப் படத்தை வாங்கி, தியேட்டர்களில் போடுவதற்குத் தயார் செய்யப் பல மடங்கு செலவழித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கம்பெனி வாங்கியது 7,000 டாலர் படத்தைத்தான்.

நம் வீட்டுக் கதையையும் சொல்லுகிறேன். 1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக வீணை எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' என்ற படத்தை இயக்கினார். பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டை இல்லை. ஒரு கொலை, கொன்றவர் யார் என்பதற்கு ஒவ்வொருவரும் சொல்லும் ஒவ்வொரு கதை. பாட்டில்லாமல் தமிழ்ப் படமா என்று அதிசயித்த காலம் அது. கூட்டத்தை இழுக்க எதை எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று மற்றவர்கள் பட்டியல் போட்டார்களோ, அதையெல்லாம் பாலசந்தர் நீக்கினார். பாட்டும் கூத்துமாக அந்த ஆண்டு வந்த அநேகம் படங்களின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? 'அந்த நாள்' இன்றும் பேசப்படுகிறது.

இந்தத் தலைமுறையிலும் சாட்சி உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகியவர்கள் கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும். முதலாமவரின் 'பீட்சா' 2012-இல் வந்தது. ஒரு பங்களா, இருட்டு, ஓர் இளைஞன், அவன் கையில் ஒரு டார்ச் விளக்கு, தமிழ்நாடே பயந்தது. டார்ச் விளக்குக்குச் செலவான பாட்டரியைத்தான் கணக்கில் எழுத வேண்டும்!

"அங்கே ஆமை கிடைத்தது, பங்களா கிடைத்தது. எங்கள் வறண்ட ஜில்லாவில் என்ன இருக்கிறது?" என்று பையன்கள் கேட்பார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. பட்டணத்திலிருந்து படக் கம்பெனிகள் லாரி லாரியாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வருகிறார்களே, ஏன் வருகிறார்கள்? இங்கே இருப்பது அங்கே இல்லை என்பதால்தானே?

பாம்பனைப் பாருங்கள். 1914-இல் ரயில் ஓடத் தொடங்கிய கடற்பாலம். கப்பலுக்கு வழிவிடுவதற்காக நடுவிலே பிளந்து எழும்பிய பாலம். இப்போது 2025 ஏப்ரலில் அதன் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்திருக்கிறார்கள். 72 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. பாலம் எழும்பி நின்றால் ரயில் போக முடியாது. இறங்கி நின்றால் கப்பல் போக முடியாது. ஹிட்ச்காக் கண்டிருந்தால் சாப்பாட்டை மறந்திருப்பார்! தண்டவாளத்தில் ஏற வேண்டாம். அது குற்றம், ஆபத்தும்கூட. பக்கத்துச் சாலைப் பாலத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவனின் முகம் போதும். அந்த ரயிலில் அவனுக்கு வேண்டியவர் யாரோ வருகிறார்; பாலம் மேலே நிற்கிறது; அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். படம் தொடங்கிவிட்டதே!

கடலைப் பாருங்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஒன்று, தெற்கே மன்னார் வளைகுடா ஒன்று. தனுஷ்கோடியில் பெண் கடல் என்றும் ஆண் கடல் என்றும் சொல்லுவார்கள். கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடை வீசும்போது தலைகீழ். சாந்தமான கடலும் சீறும் கடலும் ஒரே பஸ் டிக்கெட்டில் அகப்படும் ஊர் வேறு எங்கே இருக்கிறது?

இத்தனையும் இருக்க, பட்டணத்துப் படக்காரர்களுக்கு இந்தக் கரை பெரும்பாலும் ஓர் இடிந்த சுவர்தான். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலில் போயிற்று. எஞ்சி நிற்கும் மாதா கோயிலின் சுவர்களுக்கு முன்னால் காதலர்கள் கைகோத்துக்கொண்டு பாடுகிறார்கள். வெளியூர்க்காரன் அப்படிச் செய்வதையாவது மன்னித்துவிடலாம். அங்கே பிறந்த பிள்ளையும் தன் ஊரை வெளியூரான் கண்ணால் பார்த்து, அதே சுவரின்மேல் அதே கோணத்தில் ட்ரோனைப் பறக்கவிடுவதை எப்படி மன்னிப்பது? உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது; எதிரே அயல்நாட்டு எல்லை. அனுமதி வாங்காமல் ட்ரோனைப் பறக்கவிட்டால் சாகசம் திரையிலே நடக்காது, போலீஸ் ஸ்டேஷனிலே நடக்கும்!

குறை சொல்லிவிட்டுப் போகிறவன் அல்ல நான். இதோ, காசு கேட்காத ஒரு கதை. எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உரிமைத் தொகை வேண்டாம்.

2023 பிப்ரவரியில் மண்டபத்துக்கு அருகே கடலடியிலிருந்து 17 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தை அதிகாரிகள் வெளியே எடுத்தார்கள். துரத்தி வருவதைக் கண்டதும் படகில் இருந்தவர்கள் கடலில் போட்டுவிட்ட கடத்தல் தங்கம் அது. இது பத்திரிகைச் செய்தி. இனி என் கற்பனை. பாம்பன் பக்கத்துக் கடலில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருத்திக்குப் பாசியோடு பாசியாக இறுகக் கட்டிய ஒரு மூட்டை அகப்படுகிறது. அவள் அதைத் தன் சாக்கில் போட்டு, மேலே பாசியை அள்ளி வைக்கிறாள். கரை ஏறுகிறாள். கரையில் முன்பின் தெரியாத ஒருவன் நிற்கிறான்.

"அக்கா, இந்தப் பக்கம் ஏதும் ஒதுங்குச்சா?"

"பாசிதான் ஒதுங்கியிருக்கு, தம்பி."

"சாக்கு ரொம்பக் கனக்குது போலிருக்கே. குடுங்க, நான் தூக்கிட்டு வாரேன்."

இதற்குமேல் சண்டை எதற்கு? கடற்கரையிலிருந்து அவள் வீடு அரை மைல். அவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறான். மூட்டை இருப்பது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? வழியிலே ஈரப் பாசி நழுவி நழுவி விழுகிறது. எதிரே வேறொரு பெண் வந்து, "இன்னைக்கு என்னடி, சாக்கு இம்புட்டு நெறஞ்சிருக்கு?" என்று கேட்கிறாள். வீட்டு வாசலில் அவளுடைய சிறு மகள் நிற்கிறாள். அம்மா கொண்டுவரும் சாக்கை அவிழ்ப்பது அவளுடைய தினசரி விளையாட்டு. மேஜைக்கு அடியில் வைத்த குண்டு இதுதான்!

செலவைப் பாருங்கள். தங்கத்தைக் காட்டவே வேண்டாம். ஈரத்துணி மூட்டைக்கு என்ன விலை? நடிகர்கள் நாலு பேர். சூரிய வெளிச்சம் இலவசம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் எடுத்தால் எந்த விளக்கும் அந்த அழகைக் கொடுக்காது. இதை இரண்டு நாள் ஒத்திகை பார்த்து, மூன்றே நாளில் கைபேசிக் காமிராவிலே எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அது ஒலி. கடற்காற்று கைபேசியில் மோதினால் பட்டாசு வெடித்தாற்போலிருக்கும். படம் மங்கலாயிருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே ரோட்ரிக்ஸ் செய்த வழியே நல்ல வழி. பேச்சைப் பிறகு, போர்வைகள் தொங்கவிட்ட ஓர் அறையில் பதிவு செய்யுங்கள். ஈரச் சாக்கு மணலில் உரசும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், தூரத்தில் படகு மிஷின் ஓடும் சத்தம், இவற்றையெல்லாம் காற்று மறைவில் நின்று தனித்தனியே எடுத்துச் சேருங்கள். ஆறு கறுப்புக் கண்ணாடிகள் மூட்டாத பயத்தை அந்த மிஷின் சத்தம் மூட்டும். அது நெருங்குகிறதே!

"துப்பாக்கி இல்லாமல் ஆக்‌ஷன் படமா?" என்று முணுமுணுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லுகிறேன். இந்தக் கரையில் துப்பாக்கிச் சத்தம் பொழுதுபோக்குச் சத்தம் அல்ல. 2017 மார்ச் மாதத்தில் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். இலங்கைக் கடற்படைமேல் குற்றம் சாட்டினார்கள், அவர்கள் மறுத்தார்கள். அதற்கு முன்னும் கடலுக்குப் போய்ப் பிணமாகத் திரும்பியவர்கள், திரும்பாமலே போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீடுகள் இருக்கும் தெருவிலே நின்றுகொண்டு, 'டுமீல் டுமீல்' என்று பொம்மைத் துப்பாக்கியை நீட்டி விளையாட உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? துப்பாக்கியைப் பற்றிப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடுங்கள், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் எப்படித் திரும்பிப் பார்ப்பான் என்பதை உங்கள் ஊர்க் கிழவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நிஜத் துப்பாக்கியைப் படப்பிடிப்பு இடத்தின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அமெரிக்காவில் 2021-இல் 'ரஸ்ட்' என்ற படத்தின் ஒத்திகையில், நாடகத் துப்பாக்கி என்று எண்ணிய துப்பாக்கியிலிருந்து நிஜக் குண்டு பாய்ந்து, படம் பிடித்த பெண்மணியே மாண்டுபோனார்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று முன்னே சொன்னது இதைத்தான். 2016 நவம்பரில் பெங்களூருக்கு அருகே ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு நடிகர்கள் மிதவைச் சட்டை இல்லாமல் மூழ்கி இறந்தார்கள். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாயும் காட்சியில் அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். கோடிகளைக் கொட்டி, தேர்ந்த ஆட்களை வைத்துச் செய்கிற இடத்திலேயே இப்படி என்றால், ஓடுகிற வல்லத்திலிருந்து ஒரு காலேஜ் மாணவனைக் கச்சான் கடலில் குதிக்கச் சொல்லுகிற உங்கள் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பது?

"காசில்லை, அதனால் உயிரைப் பணயம் வைத்தோம்" என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இதில் பெருமை ஏதும் இல்லை. சிக்கனம் பிடிக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று பாதுகாப்பு. மற்றொன்று சாப்பாடு. கையில் இருப்பது 10,000 ரூபாய் என்றால் முதலில் இந்த இரண்டுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் படம் எடுங்கள். தண்ணீரில் இறங்கும் காட்சி என்றால் முழங்கால் ஆழத்தில் எடுங்கள். காமிராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தினால் முழங்காலும் பாதாளமாகத் தெரியும். பக்கத்தில் நீச்சல் தெரிந்த, அந்தக் கடலைத் தெரிந்த இரண்டு பேர் நிற்கட்டும். 'இன்றைக்குக் கடல் சரியில்லை' என்று ஒரு மீனவர் சொன்னால் அதுதான் அன்றைய டைரக்டரின் உத்தரவு. கூட நடிக்கும் ஊர்க்காரர்களுக்கு வயிறாரச் சோறு போடுங்கள். பாசி எடுக்கும் பெண் உங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டால் அந்த நாள் கூலியைக் கையில் கொடுங்கள். அவளுடைய வாழ்க்கையைப் படம் பிடித்துப் பரிசு வாங்கிவிட்டு, அவளைப் பட்டினி போட்டால் கடத்தல்காரனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

கடைசியாக, வாசகர்களாகிய நமக்கும் ஒரு வார்த்தை. பையன்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு நாமும் காரணம். பட்டணத்துப் படத்தில் கார் பறந்தால் விசில் அடிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை படம் எடுத்தால், "எவ்வளவு செலவு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். செலவைக் கேட்டு மதிப்புப் போடுகிற ஊரில், செலவழித்தவன்போல் காட்டிக்கொள்ளத்தான் பிள்ளைகள் முயலுவார்கள். கதை படித்துப் பழகிய நமக்கு வேறு கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நல்ல சிறுகதையைப் படித்துவிட்டு, "இதை எழுத எத்தனை பேனா வாங்கினீர்கள்?" என்று யாராவது ஆசிரியரைக் கேட்டதுண்டா?

இனி உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் கைபேசியை நீட்டி, "பத்து நிமிஷம்தான், சார், பாருங்கள்" என்று சொன்னால், உட்கார்ந்து பாருங்கள். பார்த்து முடித்தபின், "இதில் வருகிறவன் எதற்காகப் பயப்படுகிறான், தம்பி?" என்று கேளுங்கள். அவனால் பதில் சொல்ல முடிந்தால் முதுகில் தட்டிக் கொடுங்கள். முடியாவிட்டால், அதைக் கண்டுபிடித்துக்கொண்டு மறுபடி வரச் சொல்லுங்கள். பணம் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.